ஒரு கரண்டி கோதுமைப் பால்

தாராவி,
5 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் சுஜாவுக்கு உன் தாய்மாமன் தனசீலன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் இருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை ஜோன்ஸ், என் அக்கா லூர்தம்மாள், எல்லோருக்கும் மேலே உன் பிள்ளை, என் ஞானமகன் டென்சில் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்கிற வழியை நீ அடைத்துவிட்டாய். என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று தோல் பட்டறையில் சொன்னார்கள். நான் நம்பவில்லை. டவர் கோளாறு என்று சொல்லிச் சமாளித்தேன்.

சயான் தபாலாபீஸில் போய் இன்லேண்ட் லெட்டர் கேட்டதும் கவுன்டரில் இருந்த மராத்திக்கார அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "காகா, இந்தக் காலத்திலும் கடிதம் எழுதுகிற ஒரு மனுஷரைப் பார்த்துவிட்டேன்" என்று டீ வாங்கிக் கொடுத்தாள். செம்பூருக்கு நடந்தே வந்தால்கூட இந்தக் கடிதத்தைவிடச் சீக்கிரம் வந்துவிடுவேன். ஆனால் நடந்து வந்தால் நீ கதவைத் திறக்கமாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை உன் அம்மாவிடம் ஏதோ உளறியிருக்கிறாள். அவள் பாதி சொன்னாள். மீதியை நான் சொல்கிறேன்.

கொய்யா ஜெல்லி செய்யும் விதத்தை நீ போனில் பேசி அனுப்பியிருந்தாய். எனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். அரைக்காயாக வாங்குங்கள், காயில்தான் உறைகிற சத்து இருக்கிறது என்றாய். நான் மாட்டுங்கா மார்க்கெட்டில் போய் நின்றால் மூன்று கடைக்காரர்கள் என் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஞானத்தகப்பன் கொடுக்கிற விருந்துக்குக் காயா வாங்குவார்கள்? நன்றாகப் பழுத்து, தெருவே மணக்கிற பழமாகப் பொறுக்கினேன். வெட்டி, தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, புது வேட்டியைக் கிழித்து மூட்டை கட்டித் தொங்கவிட்டேன். பிழியக்கூடாது, தானாகச் சொட்ட வேண்டும் என்றாய். சொட்டியது, சொட்டியது, மத்தியானம் வரைக்கும் சொட்டியும் பாத்திரத்தின் அடி மறையவில்லை. ஒரு கை பிழிந்தேன். சர்க்கரை போட்டுக் காய்ச்சி, எலுமிச்சை பிழிந்து, நீ சொன்ன மாதிரி குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். ஓடியது. இன்னும் காய்ச்சினேன். இன்னும் ஓடியது.

கப்புகளை வாங்கி வரிசையாக அடுக்கியாகிவிட்டது. நாளைக்கு என் ஞானமகனுக்குப் புதுநன்மை, முதல் தடவை நற்கருணை வாங்கப்போகிறான், விருந்துக்கு இனிப்பு நம் கை என்று சந்து முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அடுப்புப் பக்கத்தில் உன் அத்தை எங்கள் சந்துக்காரர்களுக்கு அல்வா கிண்ட, கோதுமையை அரைத்துப் பிழிந்து பால் எடுத்துத் தெளிய வைத்திருந்தாள். நான் திருநெல்வேலியில் அல்வாக் கடையில் ஆறு வருஷம் நின்றவன். (அத்தை ஆறு மாதம் என்பாள். அவளுக்குக் கணக்கு வராது.) இளகினதை இறுக்க என்ன வேண்டும் என்று இந்தக் கைக்குத் தெரியும். ஒரு கரண்டி. சின்னக் கரண்டி. கிண்டக் கிண்ட இறுகி வந்தது பார், முகம் பார்க்கலாம்.

டென்சிலுக்குக் கோதுமை ஆகாது என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. பாவ் ரொட்டி, பிஸ்கட், சப்பாத்தி ஒன்றும் உன் வாசற்படிக்கு நான் கொண்டுவந்ததில்லை. ஆனால் இது பால். சக்கையை எல்லாம் பிழிந்து தூரப் போட்ட பிறகு வருகிற வெள்ளைத் தண்ணீர். அதில் என்ன கோதுமை இருக்கிறது? டாக்டர்கள் எதையும் பெரிதாக்குவார்கள். பிள்ளைக்கு அன்று வேறு ஏதோ கோளாறு.

சரி, நடந்தது நடந்துவிட்டது. டென்சிலுக்குப் புதுநன்மை திரும்ப எப்போது என்று ஃபாதர் சொன்னாரா? பின்னால் மெழுகுதிரி பிடித்து நிற்க ஞானத்தகப்பன் வேண்டும். கை தயாராக இருக்கிறது. ஒரு வரி போடு.

உன் மாமா,
தனசீலன்

செம்பூர்,
14 பிப்ரவரி 2025

மாமா,

உங்கள் கடிதம் வந்தது. பிரிக்காமல் பிரிட்ஜ் மேலே வைத்திருந்தேன். அம்மாதான் பிரித்தார்கள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள்.

தாராவி ஸ்கூலில் ஏழாவதோடு நின்றுபோன தமிழ் இது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதது நல்லதாயிற்று. "ஒரு கரண்டி, சின்னக் கரண்டி" என்று நீங்கள் எழுதியிருப்பதை அவர் படித்தால் இந்த வீட்டில் உங்கள் பெயரையே எடுக்க முடியாது.

உங்களிடம் ஏன் ஜெல்லி கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியுமா? டென்சில் எந்த பர்த்டேக்குப் போனாலும் தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் போகிறான். மற்றப் பிள்ளைகள் கேக் தின்னும்போது மூலையில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். ஜோன்ஸுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. கடையில் வாங்குகிற ஜெல்லியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று நம்ப முடியாது. பழம், சர்க்கரை, எலுமிச்சை. இந்த மூன்றும் யாருக்கும் ஆகாமல் இல்லை. ஒரே ஒரு நாள், அவன் புதுநன்மை அன்று, எல்லோர் கையிலும் இருப்பதே அவன் கையிலும் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களால் முடியும் என்று நம்பினேன். ஜோன்ஸ் வேண்டாம் என்றார். "மாமா கையாலே செய்யட்டுமே, அவர்தானே ஞானத்தகப்பன்" என்று சண்டை போட்டது நான்.

சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் கப்புகளைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். "தாத்தா, நான் சாப்பிடலாமா?" என்று கேட்டான். "ஒனக்குத்தாம்ல இது, மத்தவனுக்கெல்லாம் ஒன் தயவு" என்றீர்கள். அவன் சிரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாவது கப் முடியும் முன்னே உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவந்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் என் மடியில் கிடந்த பிள்ளையைப் பார்க்காமல் நீங்கள் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மூச்சு சீரான பிறகு டாக்டர் என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். நான் உங்களிடம் கேட்டேன். "மாமா, வேற ஏதும் போட்டியளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஏ பிள்ள, இது தனசீலன் கை. தண்ணியக்கூட வடிகட்டித்தான் ஊத்துனேன்" என்று நெஞ்சில் தட்டினீர்கள். ஒரு தடவை இல்லை மாமா. டாக்டர் கேட்டபோது, நர்ஸ் கேட்டபோது, ஜோன்ஸ் கேட்டபோது.

நான் உங்களை நம்பினேன். நம்பியதால்தான் சஃப்ரீனிடம் போனேன்.

சஃப்ரீனை உங்களுக்குத் தெரியும், எதிர் வீடு. அன்று மத்தியானம் டென்சில் அவள் வீட்டில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். மாமா கையில் தப்பில்லை என்றால் அங்கேதான் ஏதோ தின்றிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்த நான், அவள் வாசலில் நின்று, "உங்க வீட்டுல எந்தக் கரண்டி எதுக்குள்ள போகுதுன்னு யாருக்குத் தெரியும்" என்று ஹிந்தியில் கத்தினேன். அதோடு நிற்கவில்லை. மற்றதைத் தமிழில் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் தன் மகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். மறுநாள் எங்கள் வாசலில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் துடைத்து வைத்திருந்தது. டென்சிலுக்கு என்று தனியாக, மற்றதோடு கலக்காமல் அவள் வீட்டில் வைத்திருந்த தட்டு. இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அவனுக்காக அப்படி வைத்ததில்லை. என் சொந்தத் தாய்மாமனும் வைத்ததில்லை.

அத்தை அம்மாவிடம் சொன்னது அதற்கு அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் வெள்ளை உடுப்பில் பீடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவன் கையில் ஊசிக் குழாயோடு படுத்திருந்தான். "தாத்தா கிட்டே கோவப்படாதே மம்மி, அவுகளுக்குத் தெரியாது" என்கிறான். தெரியும் என்று அவனிடம் நான் சொல்லவில்லை.

ஃபாதர், ஈஸ்டர் கழிந்த ஞாயிறு பூசையில் அவனுக்குத் தனியாகக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் வர வேண்டாம். மெழுகுதிரியை ஜோன்ஸின் அண்ணன் பிடிப்பார்.

சுஜா

தாராவி,
24 பிப்ரவரி 2025

மருமகளுக்கு,

உன் கடிதத்தை அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நடுவில் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. பட்டறைத் தோல் தூசி, தெரியும்தானே.

ஜோன்ஸின் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் அவர் மெழுகுதிரி பிடித்தால் சாய்த்துப் பிடிப்பார். உன் கல்யாணத்திலேயே பார்த்தேன். சொல்லிவைக்கிறேன்.

நேற்று நான் செம்பூர் வந்தேன். பதறாதே, உன் வீட்டுக்கு இல்லை. எதிர் வீட்டுக்கு. நீ பூசைக்குப் போயிருந்த நேரம். நான் செய்ததற்கு அந்தப் பெண் ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

எப்படி நடந்தது என்று கேள். பெல் அடித்தேன். சஃப்ரீன் கதவைத் திறந்தாள். நான் ஹிந்தியில் ஆரம்பித்தேன். என் ஹிந்தி உனக்குத் தெரியும், மந்திரிகள் இருக்கிற மந்திராலயத்தில் பேச வேண்டிய ஹிந்தி. அரை மணி நேரம் பேசினேன். மனிதன் என்றால் என்ன, அண்டை வீடு என்றால் என்ன, எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் புருஷன் உள்ளேயிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாச்சா, இந்த பம்பாயில் உங்களைப் போல ஒருத்தரை நாங்கள் பார்த்ததில்லை" என்றார். உட்காரவைத்து பிரியாணி போட்டார்கள். நான் வேண்டாம் என்கிறேன், அவர்கள் விடவில்லை. போகும்போது அத்தர் ஒரு குப்பி. பிறகு அவர்கள் காரிலேயே சயான் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஏசி கார்.

ஆகையால் சஃப்ரீன் விஷயம் முடிந்தது. நீ இனிமேல் நிம்மதியாக இரு. ஒருவேளை அவள் உன்னிடம் வேறு மாதிரி சொன்னால், சங்கோஜப்படுகிறாள் என்று எடுத்துக்கொள்.

நான் டென்சிலைப் பார்க்கவில்லை. பார்க்கவும் முயற்சி பண்ணவில்லை. படி இறங்கும்போது உன் வீட்டுக் கதவில் அவன் ஒட்டியிருந்த டைனோசர் படத்தைப் பார்த்தேன்.

அத்தை இனிமேல் வீட்டில் அல்வா கிண்டமாட்டாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளாகவே சொன்னாள்.

மாமா

செம்பூர்,
16 மார்ச் 2025

மாமா,

நீங்கள் எழுதியதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

நேற்று லிஃப்டில் சஃப்ரீன் ஏறினாள். அந்த நாளுக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து லிஃப்டில் நின்றதே இல்லை, ஒருத்தி இருந்தால் இன்னொருத்தி படியில் ஏறுவோம். நேற்று அவள் கையில் இரண்டு பை, வேறு வழியில்லை. நான்காவது மாடி வரும்போது அவளாகவே, "உன் மாமா வந்திருந்தார்" என்றாள்.

அவள் சொன்னதைச் சொல்கிறேன். நீங்கள் பெல்லை அடித்துவிட்டு வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தீர்கள். உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை. அவள் புருஷன் அன்று ஊரிலேயே இல்லை. "பேட்டி, வோ கேஹூ மை டாலா. மேரா ஜூட் ஹை" என்றீர்கள். மகளே, அந்தக் கோதுமையைப் போட்டது நான், பொய் சொன்னது நான். அவ்வளவுதான் நீங்கள் பேசிய ஹிந்தி. அதற்குப் பிறகு கை கூப்பிக்கொண்டு நின்றீர்கள். அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கினீர்கள், குடிக்கவில்லை, திருப்பிக் கொடுத்தீர்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படி இறங்கிப் போனீர்கள் என்றாள். போட்டுக்கொள்ளாமல்.

மாமா, நடந்ததை நடந்த மாதிரியே எழுதியிருந்தால் நான் அன்றைக்கே உங்களுக்கு போன் பண்ணியிருப்பேன். பிரியாணி, அத்தர், கார் என்று படித்ததும், இதையும் ஒரு கதையாக்கிவிட்டார் என்று கோபத்தில் உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். நல்லது ஒன்று செய்துவிட்டு அதன் மேலேயும் ஏன் மாமா ஒரு கரண்டி ஊற்றுகிறீர்கள்?

லிஃப்ட் நின்றதும் நான் சஃப்ரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ பிள்ளைக்காகப் பேசினாய், எனக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்றுதான் சொன்னாள், பரவாயில்லை என்று சொல்லவில்லை. பழையபடி ஆகும் என்று தோன்றவில்லை. டென்சில் அவள் மகளோடு கீழே விளையாடுகிறான், வீட்டுக்குள் போவதில்லை. அவர்களும் கூப்பிடுவதில்லை. அந்தத் தட்டு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் சொன்ன வார்த்தைக்கு உங்களை மட்டும் காரணமாக்கி எழுதினேன். உங்கள் பொய்யால்தான் அவள் வாசலுக்குப் போனேன். ஆனால் அங்கே போய்ப் பேசியது என் வாய். அது எங்கே இருந்து வந்தது என்று நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

ஜோன்ஸிடம் பேசினேன். அவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஏப்ரல் 27 காலைப் பூசைக்கு வாருங்கள். மெழுகுதிரியை நீங்களே பிடியுங்கள். டென்சிலுக்கு நற்கருணை அப்பம் கிடையாது, அது கோதுமை. ஃபாதர் ஒரு தனிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் மட்டும் எடுத்து வைப்பார், அப்பத் துணுக்கு விழாத கிண்ணம். அதைத்தான் குடிப்பான். இதை எல்லாம் அவனுக்கு ஃபாதர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஒன்றே ஒன்று. சாப்பிடுகிற எதையும் கொண்டுவர வேண்டாம். சாக்லேட் கூட. பழம் கூட. வெறுங்கையோடு வாருங்கள்.

சுஜா

தாராவி,
29 ஏப்ரல் 2025

சுஜா,

இந்தக் கடிதத்தில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ முன் பெஞ்சில் இருந்தாய். உனக்கு அவன் முதுகுதான் தெரிந்திருக்கும். அவன் பின்னால் நின்ற எனக்கு அவன் குரல் கேட்டது. ஃபாதர் கிண்ணத்தை நீட்டியதும் அவன் வாயைத் திறக்கவில்லை. "ஃபாதர், இது எனக்குன்னு வச்ச கப்புதானே? வேற ஒண்ணும் விழலல்ல?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான். ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. பின்னால் யாரோ ஒரு அம்மா, "என்ன சமத்துப் பாரேன்" என்று சிரித்தாள். ஃபாதர் குனிந்து, "ஒண்ணும் விழலப்பா, நானே பார்த்து வச்சேன்" என்றார். அப்படியும் குடிக்கவில்லை. திரும்பி உன்னைப் பார்த்தான். நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகுதான் குடித்தான். உன்னைப் பார்க்கத் திரும்பினவன் என்னைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருந்தது. என்மேல் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது அவன் கண்.

எட்டு வயதுப் பிள்ளை, கடவுள் கொடுக்கிற கிண்ணத்தையே கேள்வி கேட்டுத்தான் வாங்குகிறான். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று அந்தக் கோயிலில் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஜோன்ஸுக்குத் தெரியும். மெழுகுதிரி நேராகத்தான் இருந்தது. மெழுகு என் விரலில் வழிந்தது. அவ்வளவுதான்.

பிறகு வீட்டில். நீ அடுப்படியில் இருந்தபோது அவன் என்னிடம் வந்தான். வெள்ளைச் சட்டையில் எவ்வளவு வளர்ந்துவிட்டான். என் இரண்டு கையையும் பார்த்தான்.

"தாத்தா, நீங்க ஒண்ணும் கொண்டு வரலையா?"

"இல்லல. ஒண்ணும் கொண்டாரல."

"அப்பாடா" என்றான். நிஜமாகவே மூச்சு விட்டான் சுஜா, தோளெல்லாம் இறங்கியது. அதுவரை பயந்துகொண்டு இருந்திருக்கிறான். நான் ஏதாவது நீட்டுவேன், தாத்தாவிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று. அதற்குப் பிறகு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் புது சைக்கிளைக் காட்டினான். மெழுகு பட்ட விரல். வலித்தது, நான் விடுவிக்கவில்லை.

இதற்கு நான் என்ன பதில் எழுத வேண்டும் என்று தெரியவில்லை. அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று எழுதினால் அது நான் சேர்த்தது ஆகிவிடும். அவன் என்னை வெறுக்கவில்லை. என் கையை நம்பவும் இல்லை. இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கிறது. அது என்றைக்காவது மாறுமா என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்தமாட்டேன்.

சாயங்காலம் சந்துக்குள் நுழைந்ததும் குழாயடியில் இருந்தவர்கள் வழக்கம்போல வாளிகளை ஓரமாக நகர்த்தி இடம் விட்டார்கள். "தனசீலண்ணே, வாங்க, செம்பூர்ல விருந்து எப்படி? ஃபாதர் என்ன சொன்னார், எத்தனை கார் நின்னுச்சு, உக்காந்து சொல்லுங்க" என்று கேட்டார்கள். ஒருத்தர் ஸ்டூலைக்கூட இழுத்துப் போட்டார்.

"நல்லா நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உன் அத்தை பின்னாலேயே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் ஒன்றும் இல்லை என்றாள்.

மாமா